கண்டாவளையில் கிடைத்த அரைமணி நேரம்

இலங்கைக்குப் போகிற எண்ணம் இருந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள், கொசுவத்தி எடுத்துக்கொள்ளுங்கள், குனியாமல் கழற்றி மாட்டுகிற செருப்பாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது கைக்கடிகாரத்தைப் பற்றி. அந்தச் சின்னத் தீவுக்குள் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொழும்பில் ஒன்று, வன்னியில் ஒன்று, நடுவில் அரைமணி நேரம் வித்தியாசம். ஆயுசு முழுக்க ஸ்டேஷன் மாஸ்டராகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சில வருஷங்களுக்கு முன் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று அங்கே அரசாங்கம் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்ததாம். வன்னியில் அதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் முன்னால் தள்ளியது புது நேரம், தள்ளாமல் விட்டது பழைய நேரம். அந்தப் பழைய நேரமும் நம்முடைய இந்திய நேரமும் ஒன்றுதான். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாங்கள் போனது சுற்றிப் பார்க்க இல்லை. ஒரு பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போனோம்.

எண்பதுகளில் திருச்சியில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனுக்கு புஷ்பம் என்ற பெண் குடி வந்தாள். இலங்கையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவள், புருஷனை இழந்தவள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு பை, அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தாள். அந்தக் குழந்தைதான் வதனி. எனக்கும் கமலாவுக்கும் பிள்ளைகள் கிடையாது. வதனி நடக்கப் பழகியதும் பின்போர்ஷனிலிருந்து முன்போர்ஷனுக்கு நடந்து வந்தாள். பிறகு திரும்பிப் போகவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாடு எங்களோடு, தூக்கம் எங்களோடு. எங்களைப் பெரியப்பா, பெரியம்மா என்பாள். டியூட்டி முடிந்து நான் வரும்போது கேட்டில் ஏறி நின்றுகொண்டு, "ஏன் பெரியப்பா லேட்டு?" என்று கேட்பாள். ரயிலைத் தாமதப்படுத்தினவர்களைக் கேள்வி கேட்டே பழகிய என்னைக் கேள்வி கேட்க வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

பத்து வயதில் அவளை அழைத்துக்கொண்டு புஷ்பம் ஊர் திரும்பினாள். அப்புறம் எப்போதாவது ஒரு கடிதம், பிறகு அதுவும் இல்லை. சண்டை ஓய்ந்த பிறகு ஒருநாள் கிளிநொச்சியில் ஏதோ ஒரு கடையிலிருந்து புஷ்பம் போன் செய்தாள்.

"அண்ணை, வதனிக்குக் கலியாணம். நான் முன்னுக்கு நிக்கேலாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. தம்பி சிவராசாவும் பெண்சாதியும் நிக்கினம்தான். ஆனா தாரை வாத்துக் குடுக்க நீங்களும் கமலா அக்காவும்தான் வரவேணும். பிள்ளையும் அதைத்தான் கேக்கிறாள்."

தாலி இல்லாத தாய் மணவறையில் முன்னால் நிற்கக் கூடாது என்பது நம் பக்கம் போலவே அங்கும் இருக்கிற வழக்கம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க அவகாசமே கிடைக்கவில்லை. கமலா அன்று சாயங்காலமே பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள்.

எனக்கு மனதுக்குள் ஒரு பயம். பத்து வயதில் போன குழந்தைக்கு எங்களை என்ன ஞாபகம் இருக்கும்? தாய் சொன்னாள் என்று மரியாதைக்குக் கூப்பிட்டிருப்பாள். அங்கே போய் முன்னபின்ன தெரியாத இரண்டு கிழங்கள் மணவறையில் உட்கார்ந்து ஊர் வேடிக்கை பார்த்தால்? கமலாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? அதிரசம் சுட வெல்லம் வாங்கிட்டு வாங்க," என்றாள்.

கொழும்பில் இறங்கியதும் விமான நிலையக் கடிகாரத்தைப் பார்த்து என் வாட்சை அரைமணி முன்னால் தள்ளினேன். போகிற ஊரின் நேரத்தை மதிக்க வேண்டும். கமலா மாட்டேன் என்றுவிட்டாள். "நம்ம ஊர் நேரம் அப்படியே இருக்கட்டும். அங்க என்ன சமைக்கிற நேரம்னு எனக்குத் தெரியணும்." எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சமைக்க யாரும் இல்லை என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

எங்கள் பெட்டி எங்களோடு வரவில்லை. அதிரசமும் பட்டுப்புடவையும் அதற்குள் இருந்தன. நாளை வரும் என்றார்கள். கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சேருவதாகத் திட்டம். அந்த ஒரு நாள் பெட்டிக்காகக் காத்திருந்ததில் கரைந்தது. ஆகவே அடுத்த யோசனை: முக்கியமானதைக் கைப்பையில் வையுங்கள். கமலா அந்த ஒரு நாளும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, ஏனென்றால் பெட்டியைச் சரக்கில் போடச் சொன்னது நான்.

பெட்டி வந்து சேர்ந்த மறுநாள் ரயிலில் வவுனியா போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொடி பிடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வவுனியாவோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே ஒரு காலத்தில் யாழ்ப்பாணம் வரை ரயில் போயிருக்கிறது. இப்போது சிலிப்பர் கட்டைகூடக் கிடையாது. பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கமலா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இரவு தங்கிய விடுதியில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுச் செய்த நீர்த்த குழம்புதான் சொதி. நம் ஊரில் இடியப்பம் என்றால் காலை, இங்கே ராத்திரியும் அதுதான். சாம்பார் இருக்கிறதா என்று கேட்டேன். பரிமாறியவர் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்து, "வயித்துக்கு ஏதும் சரியில்லையோ ஐயா?" என்றார். போகிறவர்கள் சாம்பாரை மறந்துவிட்டுப் போங்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது நான்தான், சொதியை.

விடுதிக்கு புஷ்பத்தின் செய்தி ஒன்று காத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த யாரோ சொல்லிவிட்டுப் போனார்களாம். முகூர்த்தம் காலை பத்தரையோடு முடிகிறது. மாப்பிள்ளை வீட்டார் வவுனியாக்காரர்கள், புது நேரத்தில் வாழ்கிறவர்கள். வருகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று கல்யாணமும் புது நேரப்படிதான். எனக்குத் திருப்தியாக இருந்தது. என் வாட்ச்தான் சரி என்று கமலாவுக்குக் காட்டினேன்.

கல்யாணத்தன்று விடிவதற்குள் வேன் வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் பெயர் அன்சார், நாற்பது வயதிருக்கும். முல்லைத்தீவில் பிறந்தவர். தொண்ணூறில் அங்கிருந்த முஸ்லிம்களையெல்லாம் போகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் வாழ்ந்து, இப்போதுதான் வேனோடு திரும்பி வந்திருக்கிறார்.

"வீடு இருக்கா தம்பி?" என்று கமலா கேட்டாள்.

"கிணறு இருக்கு அம்மா. கிணறு இருந்தாப் போதும், வீட்டைக் கட்டலாம்," என்றார்.

ஓமந்தையில் சோதனைச்சாவடி. முதலில் இராணுவம், பிறகு நடுவில் கொஞ்சம் சூனியமான சாலை, பிறகு வன்னியைக் கையில் வைத்திருந்த மறுபக்கத்தார். இரண்டு பக்கமும் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியை அழகாக அடுக்காதீர்கள், இரண்டு தடவை அடுக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. இராணுவச் சிப்பாய் அதிரசத்தை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். மறுபக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெண், பதினெட்டு வயதுகூட இருக்காது, "இது என்ன அம்மா?" என்றாள். கமலா ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வரிசை நத்தை போல நகர்ந்தது. நான் வாட்சைப் பார்த்தபடியே இருந்தேன்.

தாண்டியதும் அன்சார் சொன்னார்: "இனிப் பழைய நேரம் ஐயா."

"நீங்க எந்த நேரம் வச்சிருக்கீங்க?"

"எங்கட தொழுகைக்குச் சூரியன்தானே மணிக்கூடு. அது ரெண்டு பக்கமும் ஒண்டுதான். கரண்ட் மிச்சம் பிடிக்கவெண்டு நேரத்தை மாத்தினவையாம். இஞ்ச எங்க கரண்ட் இருக்கு, மிச்சம் பிடிக்க?"

வெளியே சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஓடில்லாத வீடுகள், தலை போன பனைகள். அவற்றுக்கு நடுவில் ஒருவர் புதிதாகக் கிடுகு வேய்ந்த கடையில் வாழைக்குலை தொங்கவிட்டிருந்தார். ஒரு நிழலில் பாலைப்பழம் விற்றார்கள். மஞ்சளாக, நெல்லிக்காயைவிடச் சிறிசு. வாயில் போட்டால் தேன் மாதிரி இனிக்கிறது, பிறகு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச தூரம் நான் பேசாமல் வந்தேன். கமலா இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம் என்றாள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழியில் எங்கே ஒதுங்க வேண்டியிருந்தாலும் சாலையை விட்டு இறங்காதீர்கள். இரண்டு ஓரமும் சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து மிதிவெடி என்று எழுதியிருக்கிறது. எனக்கு அடக்க முடியாமல் போனபோது அன்சார் வேனை நிறுத்தி, "ஐயா, கரைக்குப் போகாதேங்கோ. தார் றோட்டிலயே நிண்டு அலுவலை முடியுங்கோ. நாங்கள் மற்றப் பக்கம் பாக்கிறம்," என்றார். நடுச்சாலையில் நின்று காரியத்தை முடித்தேன். வேனுக்குள் கமலாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெட்டி விஷயத்தில் வந்த கோபம் அதோடு போய்விட்டது.

கிளிநொச்சி தாண்டி, பரந்தனில் கல்யாண ஊரான கண்டாவளைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் வேனின் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டது. அன்சார் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினார். கையில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினோம், அத்தனையும் தரைக்கு வந்தது. சுற்றிலும் வயல், தலைக்கு மேல் வெயில், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு ஈ காக்கை இல்லை.

எத்தனையோ ரயில்கள் தாமதமாவதைப் பார்த்தவன் நான். தாமதத்தை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். தாமதமாகிற ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது அந்தச் சாலையில்தான் தெரிந்தது.

நல்லவேளையாக ஒரு டிராக்டர் வந்தது. அங்கே அதை மிசின் என்கிறார்கள். பின்னால் பெட்டி நிறைய வைக்கோல். ஓட்டியவர் எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"நீங்கள் திருச்சி ஆக்களே?"

"ஆமா."

"ஐயோ, உங்களைத்தான் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். ஏறுங்கோ, கெதியா ஏறுங்கோ!"

பட்டுப்புடவை கட்டிய கமலாவை வைக்கோல் மேல் ஏற்றுவதற்கு அன்சார் குனிந்து தன் முழங்காலைப் படியாகக் கொடுத்தார். "நான் இதைச் சரிப்பண்ணிக்கொண்டு பின்னால வாறன். எனக்கும் ஒரு இலை போட்டு வையுங்கோ," என்றார்.

மிசின் பெட்டியில் ஆடி ஆடிப் போகும்போது என் வாட்சில் பத்தரை ஆயிற்று. பத்தரை தாண்டவும் செய்தது. கல்யாண வீடு இன்னும் கண்ணில் படவில்லை.

"கமலா, முடிஞ்சிருக்கும்," என்றேன். "சிவராசாவும் அவர் சம்சாரமும் தாரை வார்த்திருப்பாங்க. போய் ஆசீர்வாதம் பண்ணிட்டு வருவோம்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் கையைத் திருப்பி அவளுடைய வாட்சைப் பார்த்தாள்.

"என் வாட்சுல இன்னும் பத்தரை ஆகல," என்றாள்.

ஊர் முழுக்கப் புது நேரத்தில் கல்யாணம் நடத்துகிறது, இவள் ஒருத்தி பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வைக்கோலைத் தட்டிவிடுகிற சாக்கில் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

சந்து முனையில் வாழைமரம் கட்டிய பந்தல் தெரிந்தது. மேளச் சத்தம் இல்லை. எல்லாம் முடிந்து பந்தி நடக்கிறது என்றுதான் நினைத்தேன். மிசின் நின்றதும் பந்தலுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரோ, "வந்திட்டினம், வந்திட்டினம்!" என்று கத்தினார்கள்.

மணவறைக்கு முன்னால் பாயில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சிவராசா.

"வாங்கோ அண்ணை. உங்கட இடத்தைச் சூடாக்கி வைச்சிருக்கிறன், வந்து இருங்கோ. தாலி இன்னும் கட்டேல்ல."

"முகூர்த்தம் முடிஞ்சிடுச்சே?"

"அக்கா விடேல்லயே!"

கால் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் நடந்ததைச் சொன்னார். பத்து மணிக்கெல்லாம் ஐயர் அவசரப்படுத்தத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் வாட்சைக் காட்டினார். வேறு வழியில்லாமல் சிவராசாவும் மனைவியும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்ற புஷ்பம் அப்போது பந்தலுக்குள் வந்தாளாம். ஊரில் அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டது கிடையாது. நேரே நாள் குறித்த சாத்திரியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்: "நீங்கள் நேரம் குறிக்கேக்க எந்த மணிக்கூட்டைப் பாத்தனீங்கள்?"

சாத்திரியார் விழித்தாராம். "என்ரை வீட்டில ஒரு மணிக்கூடுதானே பிள்ளை இருக்கு."

"அது பழைய நேரமோ, புது நேரமோ?"

"பழைய நேரம்தான். நான் கண்டாவளையை விட்டு எங்க போனனான்?"

"அப்ப நல்ல நேரம் பழைய நேரத்துக்குத்தான் குறிச்சிருக்கு. சம்பந்தி ஆக்களுக்கு வசதியா இருக்கட்டும் எண்டு இவ்வளவு நாளும் நான் வாய் திறக்கேல்ல. இனித் திறக்கத்தான் வேணும். இன்னும் அரைமணித்தியாலம் இருக்கு. என்ரை பிள்ளையைக் குடுக்கிற ஆக்கள் வந்துகொண்டிருக்கினம்."

மாப்பிள்ளையின் தகப்பனார் தன் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டாராம். "அப்ப ஒரு தேத்தண்ணி குடிப்பம்," என்றாராம். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். வேட்டி முழுக்க வைக்கோல். வதனியை அழைத்து வந்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தோழிகளிடம் அவள் அந்த ஊர்த் தமிழில் ஏதோ சொல்வது காதில் விழுந்தது. குரல் எனக்குத் தெரியாத குரல். சரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தலையில் பூ, நெற்றியில் பட்டம், கண் நிறையத் தண்ணீர். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அச்சு அசல் திருச்சித் தமிழில் கேட்டாள்.

"ஏன் பெரியப்பா லேட்டு?"

அவள் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். கமலா தண்ணீர் வார்த்தாள். செம்பின் கனத்தில் அவள் கை தாழ்ந்தது. பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்ற புஷ்பம் குனிந்து அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பார்த்தேன். ஐயர் மந்திரத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார், மேளகாரர் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

வதனி கூறைப்புடவை மாற்றி வந்து, தாலி ஏறி, அட்சதை போட்டு முடித்தபோது கமலாவின் வாட்சில் பத்தரைக்குக் கொஞ்சம் இருந்தது. அதை எனக்குக் காட்டிவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்சார் கடைசிப் பந்திக்கு வந்து சேர்ந்தார், சட்டை முழுக்க எண்ணெய். அவருக்கு இலை போட்டு புஷ்பமே பரிமாறினாள்.

அடுத்த இரண்டு நாளும் அங்கே இருந்தோம். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்தோம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பால் விடாத தேத்தண்ணீர் குடித்தோம். பழகினால் அதை விட முடியாது. விடைபெறும்போது புஷ்பத்திடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? உங்கட வீட்டில ஒன்பது வருசம் இருந்தனான். நான் தந்தது அரைமணித்தியாலம்தானே," என்றாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. வதனியும் மாப்பிள்ளையும் கண்டாவளையில் புஷ்பத்தோடுதான் இருக்கிறார்கள். சண்டை மறுபடி வருமோ என்று பேப்பரில் அவ்வப்போது எழுதுகிறார்கள். போன் எப்போதாவது வருகிறது, பாதியில் அறுந்துவிடுகிறது. எங்கள் கூடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. வதனிக்குப் பெரிய முள், சின்ன முள் சொல்லிக் கொடுத்தது அதில்தான். சாயங்காலம் விளக்கேற்ற எழுந்திருக்கும்போது கமலா அதைப் பார்த்து, "ஆறு ஆச்சு, வதனி இப்ப விளக்கு வைப்பா," என்பாள். முன்பெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டிருப்பேன். இப்போது கேட்பதில்லை. அங்கேயும் இப்போது மணி ஆறுதான்.